கணுக்கால் உறுதியும் அதனை அளக்கும் கருவிகளும்

சுளுக்கு என்னும் சொல் நம்மிடையே மிக மலிந்த சொல்லாகிவிட்டது. கழுத்துத் திரும்பாவிட்டால் சுளுக்கு. முதுகு பிடித்துக்கொண்டால் சுளுக்கு. பந்தாடும் பையனின் பாதம் உட்புறமாக மடங்கிக் கணுக்கால் வீங்கினாலும் அதுவும் சுளுக்கே. முதலிரண்டும் பெரும்பாலும் தசைப் பிடிப்பு. மூன்றாவது அத்தன்மையது அன்று. எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் இணைப்பு நார், அளவுக்கு மீறி இழுக்கப்பட்டோ கிழிந்தோ போன காயம் அது. கணுக்காலின் வெளிப்புறத்தில் இத்தகைய நார்கள் மூன்று உள. பாதம் கீழ்நோக்கி நீண்ட நிலையில் உட்புறமாகப் புரளும்போது அவற்றுள் முன்புறத்து நாரே முதலில் அறும். விசை மிகுந்தால் நடுவிலுள்ளதும் அதனைத் தொடரும். மூன்றையும் ஒரே பெயரால் அழைத்ததன் பயனாக மூன்றுக்கும் ஒரே மருத்துவம் செய்து வருகிறோம்: தைலம் தடவி நீவுவது, வெந்நீர் ஊற்றுவது, வீக்கம் வடிந்ததும் மறந்துவிடுவது.

இம்மூன்றனுள் மறந்துவிடுவதே பெருங்கேடு. அயர்லாந்தின் டப்ளின் நகரில் டொஹர்ட்டி என்பாரும் அவர்தம் குழுவினரும், முதன்முறையாகக் கணுக்காலை மடக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களை ஓராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தனர். 2016இல் வெளிவந்த அவர்களது முடிவின்படி, ஓராண்டு கழிந்த பின்னும் நூற்றுக்கு 40 பேருக்குக் கால் முழு உறுதி பெறவில்லை. சமதரையில் நடக்கும்போதே கால் மடங்குவது, படியிறங்கும்போது நம்பிக்கை குலைவது, அதே கால் மீண்டும் வீங்குவது ஆகிய தொல்லைகள் அவர்களை விட்டு நீங்கவில்லை. இதனை மருத்துவர் ‘நாள்பட்ட கணுக்கால் நிலைகுலைவு’ என்பர். நம் பள்ளித் திடல்களில் ‘அவன் கால் எப்போதும் அப்படித்தான்’ என்று சொல்லி ஒதுக்கப்படும் பிள்ளைகளுட் சிலர் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

இக்குறையை எவ்வாறு அளந்தறிவது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். அளக்கும் முறைகள் பல வந்துள்ளன. ஒவ்வொன்றும் தன்னைச் ‘சமநிலைச் சோதனை’ என்றே அழைத்துக்கொள்கிறது. ஆனால் அவை யாவும் அளப்பது ஒரே பொருளை அன்று. இதனை உணராமல் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவோர் பெருகிவிட்டமையால் இக்கட்டுரை எழுத நேர்ந்தது.

மனிதன் இரண்டு காலில் நிற்பது எளிய செயலன்று. கண் காட்டும் சுற்றுப்புறம், உட்செவியில் உள்ள நிலையறி உறுப்பு, பாதத்தின் தோலிலும் மூட்டிலும் தசையிலும் இருந்து வரும் செய்தி ஆகிய மூன்றையும் மூளை ஒன்றுசேர்த்துத் தசைகளுக்கு ஆணையிடுகிறது. பெர்லின் மருத்துவர் ரோம்பெர்க் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னர், முதுகுத்தண்டு நோயுற்றோரைக் கால்களைச் சேர்த்து நிற்கச் செய்து கண்ணை மூடச் சொன்னார். கண் திறந்திருந்தபோது நின்றவர், கண்ணை மூடியவுடன் தள்ளாடினார். காலிலிருந்து வரவேண்டிய செய்தி அறுந்துவிட்டதைக் கண் அதுவரை மறைத்து வைத்திருந்தது என்பது புலனாயிற்று. செலவில்லாத சோதனை, ஆனால் ஆழ்ந்த கருத்துடையது. பின்வந்த பல சோதனைகளுக்கும் இதுவே தாய்.

கணுக்காலுக்கு இக்கருத்தைக் கொண்டுவந்தவர் ஆங்கில அறுவை மருத்துவர் ஃபிரீமன். செயற்கை முழங்கால் மூட்டு அமைப்பதில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற அவர், 1965இல் டீன், ஹன்ஹம் ஆகிய இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு புதிய விளக்கம் தந்தார். நார் கிழியும்போது நாருக்குள் இருக்கும் நுண்ணிய நரம்பு முனைகளும் சேதமுறுகின்றன. மூட்டு எந்நிலையில் உள்ளது என்னும் செய்தி மூளைக்குச் சரியாகச் செல்வதில்லை. எனவே கால் மடங்குகிறது என்றார். நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கச் செய்து, காயமுற்ற காலையும் காயமுறாத காலையும் ஒப்பிட்டார். ஆடும் பலகைமேல் நின்று பயிற்சி செய்தோருக்குக் கால் மடங்கும் தொல்லை குறைந்தது என்றும் காட்டினார். கட்டுப்போட்டுக் கிடத்துவதே மருத்துவம் என்றிருந்த காலத்தில் இது துணிவான கருத்து.

ஃபிரீமனின் பயிற்சி நிலைத்தது. அவரது விளக்கம் அவ்வளவு எளிதாக நிலைக்கவில்லை. 1993இல் டென்மார்க்கில் கொன்ராட்சனும் உடனாய்வாளரும், நல்ல நிலையில் உள்ள கணுக்காலின் நார்களுக்கு மரப்பூசி போட்டு உணர்ச்சியை அடக்கிப் பார்த்தனர். பிறர் பாதத்தை அசைத்தபோது அது எந்நிலையில் உள்ளது என்று அறியும் ஆற்றல் குறைந்ததே தவிர, தாமே காலை இயக்கியபோதும் ஒற்றைக் காலில் நின்றபோதும் குறிப்பிடத்தக்க கெடுதல் தோன்றவில்லை. நார் சொல்லாத செய்தியைத் தசை சொல்லிவிடுகிறது போலும். அப்படியானால் ஒற்றைக் கால் நிலையில் காணும் தள்ளாட்டத்தை நார் நரம்பின் சேதத்தோடு நேர்க்கோட்டில் முடிச்சுப் போடுவது பொருந்தாது. ஆயினும் இன்றும் பயிற்சிக் கையேடுகள் பல, ஃபிரீமனின் விளக்கத்தை ஐயமற்ற உண்மையாகவே எழுதி வருகின்றன.

இன்னொரு தடையும் உண்டு. தரை திடீரெனச் சரிந்தால் காலின் வெளிப்புறத் தசைகள் விழித்துக்கொள்ள ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால் 50 முதல் 80 கூறு வரை ஆகின்றது. விழித்த தசை விசை பெறுவதற்கு மேலும் நேரம் வேண்டும். அதற்குள் பாதம் புரண்டுவிடக்கூடும். எனவே கால் தரையைத் தொடுமுன்னரே பாதம் எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பது, தொட்டபின் எவ்வளவு விரைவாகத் தசை எதிர்வினை செய்கிறது என்பதைக் காட்டிலும் முக்கியமாகலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு சோதனைகளை நோக்குவோமாக.

முதலாவது, விசைப்பலகை. தரையில் பதித்த உலோகப் பலகை அது. அதன்மேல் ஒருவர் நின்றால் அவரது எடை பாதத்தின் எந்தப் புள்ளியில் அழுந்துகிறது என்பதை நொடிக்கு நொடி பதிவு செய்யும். அப்புள்ளி இங்குமங்கும் அலையும். அலைந்த தொலைவையும் விரைவையும் பரப்பையும் கணிப்பொறி கூட்டித் தரும். எண்கள் துல்லியமானவை, அதில் ஐயமில்லை. ஆனால் துல்லியம் வேறு, பொருத்தம் வேறு. தங்கம் நிறுக்கும் தராசு எவ்வளவு நுட்பமானதாயினும் அதனால் துணியின் நீளத்தை அளக்க முடியாதன்றோ? மெக்கியான், ஹெர்ட்டல் ஆகிய இருவரும் 2008இல் பற்பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது ஒரு முரண் வெளிப்பட்டது. புதிதாகக் காயமுற்றோரிடம் சமநிலைக் குறை தெளிவாகத் தெரிகிறது. நாள்பட்ட குறையுடையோரிடமோ, வழக்கமான விசைப்பலகை எண்கள் ஒருசமயம் வேறுபாடு காட்டுகின்றன, ஒருசமயம் காட்டுவதில்லை. யாருக்காக இப்பெருஞ்செலவுக் கருவி வேண்டப்பட்டதோ அவர்களிடமே அது தடுமாறுகிறது.

காரணம் காண்பது அரிதன்று. குறைவாக அசைபவன் உறுதியானவன் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். சிலம்பம் ஆடுவோன் ஒரு நொடியும் அசையாமல் நிற்பதில்லை. அவனை உறுதியற்றவன் என்போமா? அச்சத்தால் உடலை விறைத்துக்கொண்டு நிற்பவனும் குறைவாகவே அசைவான். அசைவின் அளவைவிட, அசைவு எல்லையை நெருங்கும் முறையே கவனிக்கத்தக்கது. இதனை உணர்ந்த ஹெர்ட்டல் முதலியோர் வேறொரு கணக்கைக் கொண்டுவந்தனர். அழுத்தப் புள்ளி இப்போது செல்லும் திசையிலும் விரைவிலுமே சென்றால் பாதத்தின் விளிம்பை எட்ட எத்தனை நேரம் ஆகும் என்று பார்ப்பது அது. விளிம்புக்கு அருகில் வேகமாகச் செல்பவனுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ள நேரமில்லை. நடுவில் மெல்ல ஊசலாடுபவனுக்கு நேரம் உண்டு. நிலைகுலைவுள்ள இளம்பெண்களிடம் பழைய கணக்குகள் காட்டத் தவறிய வேறுபாட்டை இக்கணக்கு காட்டிற்று. கருவி மாறவில்லை, கேள்விதான் மாறியது என்பதைக் கவனிக்க.

கண்ணைப் பற்றிய செய்தி ஒன்று நம் மாநிலத்தார்க்குத் தனிப்பட முக்கியமானது. சாங் முதலியோர் 2016இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, நிலைகுலைந்த கணுக்கால் உடையோர் ஒற்றைக் காலில் நிற்கையில் மற்றவரினும் மிகுதியாகக் கண்ணையே நம்பி நிற்கின்றனர் என்பது தெரிந்தது. பேராக், 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்ட மாநிலம். மூன்று நான்கு தலைமுறையாக நம் மக்கள் பொழுது புலருமுன் காட்டில் இறங்கினர். பால் குளிர்ந்த வேளையிலேதான் நன்கு வடியும். தலையில் கட்டிய விளக்கின் ஒளி மரத்தின் வெட்டுப்பட்டையின் மேல் விழுமே தவிரக் காலடியில் விழாது. சரிவில் வெட்டிய படிநிலம், மழையில் வழுக்கும் இலைச்சருகு, வேர், பின்னர்த் தோளில் காண்டாவும் பால் வாளிகளும். கண் உதவ முடியாத இடத்தில், சுமையோடு, ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்து இறங்கும் வேலை அது. அவர்கள் கணுக்காலைப் பகல் வெளிச்சத்தில், சமதரையில், கண் திறந்த நிலையில் ஒரு மருத்துவர் சோதித்து ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லியனுப்பினால், சோதனை வேலையை விட்டு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பது விளங்கும். பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆயினும் வாய்க்காலும் சரிவும் அங்கேயே இருக்கின்றன. குலை சுமப்பவனுக்கும் அதே கணுக்கால்தான்.

இரண்டாவது வகை, பார்த்து எண்ணும் சோதனை. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் உருவான பிழையெண்ணும் முறை இவ்வகையில் பெயர்பெற்றது. இரு கால், ஒற்றைக் கால், ஒரு பாதத்தின் முன் மறுபாதம் என மூன்று நிலைகள். தரையிலும் தடித்த பஞ்சு மெத்தையிலும் ஆக ஆறு சோதனைகள். ஒவ்வொன்றும் 20 வினாடி. கண் மூடியிருக்க வேண்டும். கை இடுப்பில் இருக்க வேண்டும். கண் திறந்தால் ஒரு பிழை, கை எடுத்தால் ஒரு பிழை, கால் பெயர்த்தால் ஒரு பிழை என எண்ணுவர். உண்மையில் இது தலையில் அடிபட்ட ஆட்டக்காரருக்காகப் பிறந்தது. பிறகே கணுக்காலுக்குக் கடன் வாங்கப்பட்டது. டொச்செர்ட்டி முதலியோர் 2006இல் இதனைக் கையாண்டு, நிலைகுலைவுள்ளோர் மிகுதியாகப் பிழை செய்வதைக் காட்டினர். பஞ்சும் கடிகாரமும் இருந்தால் போதும் என்பது இதன் சிறப்பு. எண்ணுபவரின் கண்ணே அளவுகோல் என்பது இதன் குறை. ஒரே மாணவனை இரு ஆசிரியர் எண்ணினால் இரு தொகை வரும். கட்டுரைக்கு மதிப்பெண் இட்டுப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றாது.

மூன்றாவது, எட்டித் தொடும் சோதனை. இன்று மிகப் பரவியிருப்பதும் இதுவே. ஆகையால் இதனைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். தரையில் விண்மீன் வடிவில் எட்டுக் கோடுகள் இடுவர். நடுவில் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலின் நுனியால் ஒவ்வொரு கோட்டிலும் எட்டியமட்டும் மெல்லத் தொட்டு மீள வேண்டும். குதிகால் எழலாகாது, தொட்ட காலில் பளுவை ஊன்றலாகாது. எட்டுத் திசை வீண் வேலை என்று பின்னர்க் கண்டு, முன்புறம், பின்புற உட்பக்கம், பின்புற வெளிப்பக்கம் ஆகிய மூன்றோடு நிறுத்தினர். முன்கோட்டுக்கும் பின்கோடு ஒவ்வொன்றுக்கும் இடையே 135 பாகை. பின்கோடுகள் இரண்டுக்கும் இடையே 90 பாகை. நெட்டைக் காலன் இயல்பாகவே அதிகம் எட்டுவான் ஆதலால், எட்டிய தொலைவைக் கால் நீளத்தால் வகுத்து நூற்றுக்கு எத்தனை என்று சொல்வர். எடுத்துக்காட்டாக, கால் நீளம் 70 செ.மீ. உடைய சிறுமி மூன்று திசையிலும் முறையே 46, 74, 72 செ.மீ. எட்டினாள் என்க. கூட்டுத்தொகை 192. கால் நீளத்தின் மும்மடங்கு 210. ஆக அவளது அளவு நூற்றுக்கு 91.4.

இந்த 91.4 நல்லதா, தீயதா? இங்கேதான் வழுக்குகிறது. பிளிஸ்கி என்பாரும் அவர் குழுவினரும் 2006இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தாட்டக்காரர் 235 பேரைப் பருவம் முழுதும் கவனித்தனர். இவ்வளவு நூற்றுக்கு 94க்குக் குறைந்த பெண்களுக்குக் காலில் காயம் நேரும் வாய்ப்பு ஆறரை மடங்கு என்றும், முன்திசையில் இரு கால்களுக்கும் இடையே 4 செ.மீ.க்கு மேல் வேறுபாடு உடையோருக்கு இரண்டரை மடங்கு என்றும் கண்டனர். மதிக்கத்தக்க ஆய்வு. ஆனால் 94 என்பது அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தாட்டப் பெண்களிடமிருந்து பிறந்த எண். அது இப்பொழுது பத்து வயதுப் பிள்ளைக்கும், காற்பந்தாட்டக்காரனுக்கும், ஐம்பது வயதுத் தொழிலாளிக்கும் எல்லைக்கல்லாக நடப்பட்டு வருகிறது. பால், வயது, ஆட்டம் ஆகியவற்றுக்கேற்ப இவ்வளவு மாறுபடும் என்று பின்னைய தொகுப்பாய்வுகள் கூறியும், பழைய எண் உருண்டோடிக்கொண்டே இருக்கிறது. எண்ணுக்கு ஊர் உண்டு. அதை விட்டுப் பிரித்தெடுத்தால் அதற்குப் பொருளில்லை.

மேலும் ஒரு குறை உண்டு. முன்புறம் எட்டுவதற்கு நிற்கும் காலின் முழங்கால், பாத விரல்களைத் தாண்டி முன்னே செல்ல வேண்டும். கணுக்கால் மடங்க மறுத்தால் அது செல்லாது. ஹாக் முதலியோர் 2011இல், நலமுள்ளோர் முன்திசையில் எட்டும் தொலைவில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கணுக்காலின் மடங்கும் தன்மையாலேயே விளக்கப்படுகிறது எனக் காட்டினர். ஆகவே குறைந்த எண் பெற்ற மாணவன் சமநிலை குறைந்தவனாகவும் இருக்கலாம்; பழைய காயத்தால் மூட்டு இறுகியவனாகவும் இருக்கலாம். முன்னவனுக்கு வேண்டுவது நிலைப்பயிற்சி. பின்னவனுக்கு வேண்டுவது மூட்டை நெகிழ்த்தும் பயிற்சி. ஓரெண் இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. முழங்காலைச் சுவரில் தொடச் செய்து, பாதம் சுவரிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளியிருக்கிறது என்று தனியே அளந்தால் இம்மயக்கம் தீரும். ஒரு நிமிட வேலை, பலர் செய்வதில்லை.

பழக்கத்தின் கூறும் இதில் கலந்திருக்கிறது. ஹெர்ட்டல் 2000இல் ஒவ்வொரு திசையிலும் ஆறு முறை பழகிய பின்னரே அளக்க வேண்டும் என்றார். 2008இல் ராபின்சனும் கிரிபிளும் நான்கே போதும் என்றனர். நான்கோ ஆறோ, முதன்முறை எட்டுவதை எழுதிக்கொள்பவர் காலை அளக்கவில்லை. அந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ளும் வேகத்தையே அளக்கிறார். பாடம் நடத்தாமல் தேர்வு வைக்கும் ஆசிரியரை நாம் என்ன சொல்வோம்? இரண்டு மாதம் கழித்து மீண்டும் அளந்து ‘முன்னேற்றம்’ கண்டதாக மகிழ்வதில் எத்துணைப் பங்கு இந்தப் பழக்கத்துக்கு உரியதோ!

காயமுறாத காலோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். கணுக்கால் மடங்கிய உடனடி நாட்களில் காயமுறாத காலின் நிலைப்பும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்போது இரு காலும் ஒத்திருக்கின்றன என்று கண்டு ‘குணமாயிற்று’ என்பது, இரு தராசுத் தட்டும் காலியாக இருப்பதைக் கண்டு நிறை சரி என்பது போலாகும்.

இத்தனை குறைகளையும் எடுத்துரைத்த பின்னும் எட்டித் தொடும் சோதனையை நான் கைவிடச் சொல்லவில்லை. டப்ளின் ஆய்வு இதற்குத் தக்க சான்று தருகிறது. காயமுற்ற இரண்டு வாரத்துக்குள் குதித்து இறங்கும் சோதனையைச் செய்ய இயலாதவர்களும், ஆறு மாதம் கழித்து எட்டித் தொடுவதில் பின்தங்கியவர்களும், தம் கால் சரியில்லை என்று தாமே சொன்னவர்களும்தாம் ஓராண்டு முடிவில் பெரும்பாலும் நிலைகுலைவுற்றோர் பட்டியலில் வந்தனர். அசையாமல் நிற்பது காட்டாததை அசைந்து மீள்வது காட்டிற்று. கால் மடங்குவதும் அசைவிலேதான் நிகழ்கிறது ஆகையால் இது எதிர்பார்க்கத்தக்கதே.

நான்காவது முறை, கேட்டறிவது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஹில்லர் முதலியோர் 2006இல் வகுத்த ஒன்பது கேள்விகள் உலகெங்கும் ஆளப்படுகின்றன. முழு மதிப்பு 30. முதலில் 27உம் அதற்குக் கீழும் பெற்றவர் நிலைகுலைவுடையோர் எனப்பட்டனர். பின்னர் வந்த ஆய்வு 25 என்றது. 2013இல் பன்னாட்டுக் கணுக்கால் ஆய்வுக் குழுமம் 24 என்று வரையறுத்தது. 26 மதிப்புப் பெற்ற ஒருவர் 2006இல் நோயாளி, 2013இல் நலமுள்ளவர். அவர் கால் மட்டும் அப்படியே இருந்தது! ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ப்பதற்கு எல்லைக்கோடு வேண்டும், அதில் தவறில்லை. அக்கோட்டையே நோயின் எல்லையாகக் கொள்வதுதான் தவறு.

இக்கேள்விகளைத் தமிழில் கேட்கும்போது மொழியின் இடர் வேறு சேர்கிறது. ஆங்கிலத்தார் ஒரே தொடரால் சொல்வதை நம் மக்கள் பல விதமாகப் பிரித்துச் சொல்வர். ‘கால் மடங்கியது’ என்றால் பாதம் புரண்டது. வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ‘கால் பிசகியது’ என்றால் காயம் உண்டாகிவிட்டது. ‘கால் நிற்கவில்லை’ என்பது முழங்காலுக்கும் பொருந்தும், களைப்புக்கும் பொருந்தும். ‘கால் வழுக்கியது’ என்றால் குற்றம் தரையுடையது. குழுமத்தின் வரையறைக்கு வேண்டியது முதலாவது மட்டுமே: முதற் காயம் நேர்ந்து குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், அண்மை 6 மாதத்தில் கால் இரண்டு முறையேனும் தானே மடங்கியிருக்க வேண்டும். ‘சுளுக்கு எத்தனை முறை வந்தது?’ என்று பொதுவாகக் கேட்பவருக்குக் கழுத்துச் சுளுக்கும் சேர்ந்தே விடையாக வரும். ‘ஓடும்போதோ நடக்கும்போதோ பாதம் உட்பக்கமாக மடங்கிற்றா? பிறகு வீங்கிற்றா? எத்தனை நாள் ஓடாமல் இருந்தாய்?’ என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் பத்து வயதுப் பிள்ளையும் சரியாக விடை சொல்லும்.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். மலேசியப் பள்ளிகளில் 2008 முதல் ‘செகாக்’ எனப்படும் உடல் தகுதிச் சோதனை நான்காம் ஆண்டு மாணவர் முதல் நடத்தப்பட்டு வருகிறது. உயரத்துக்கேற்ற எடை, பலகையில் ஏறியிறங்கல், கையூன்றி எழுதல், வயிற்றை மடக்கி எழுதல், அமர்ந்து முன்னே எட்டல் ஆகியவை அதன் உறுப்புகள். நெஞ்சுரம் உண்டு, தசை வலிமை உண்டு, நெகிழ்வு உண்டு. நிலைப்புக்கு இடமில்லை. பலகையில் மூன்று நிமிடம் ஏறியிறங்கும் மாணவன் ஒவ்வொரு முறையும் ஒற்றைக் காலில்தான் உடலைத் தாங்குகிறான். அவன் கணுக்கால் உட்பக்கம் சரிவதைப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. ஆனால் ஆசிரியர் கண் அப்போது கடிகாரத்தில் இருக்கிறது. அவர் எண்ணுவது நாடித்துடிப்பை. ஐரோப்பிய நாடுகளுக்கு 1988இல் வகுக்கப்பட்ட யூரோஃபிட் தொகுப்பிலோ ஒரு சிறு கட்டைமேல் நாரைபோல் ஒற்றைக் காலில் நிற்கும் சோதனை இடம்பெற்றிருந்தது. அதுவும் அசையாமல் நிற்கும் சோதனைதான். மேலே சொன்ன குறைகள் அதற்கும் உண்டு. ஆனாலும் அக்குறைகளோடு கூடிய ஒன்றேனும் இருப்பது, ஒன்றுமே இல்லாமையினும் மேல் என்பது என் கருத்து.

நம் பிள்ளைகள் ஆடி மறந்த நொண்டியாட்டத்தையும் பாண்டியையும் ஈண்டு எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. பழமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒற்றைக் காலில் 30 செ.மீ. இடைவெளியைப் பக்கவாட்டில் பத்து முறை தாண்டித் திரும்புவது, எட்டு வடிவில் நொண்டியடித்து ஓடுவது ஆகியவற்றைக் கடிகாரம் வைத்து அளந்து, கால் மடங்கும் தொல்லை உடையோர் அவற்றில் பின்தங்குகின்றனர் என்று 2005இலும் 2009இலும் அமெரிக்க ஆய்வாளர் எழுதியுள்ளனர். முன்னோக்கித் தாண்டுவதில் அவ்வளவு தெரியாத குறை, பக்கவாட்டில் தாண்டும்போது வெளிப்படுகிறது. ஏனெனில் கணுக்கால் புரள்வது பக்கவாட்டிலேதான். பாண்டிக் கட்டத்தில் சில்லை மிதிக்கத் திரும்பும் பெண் இதையே செய்கிறாள். திடலில் எந்தப் பிள்ளை எப்போதும் ஒரே காலில் நொண்டுகிறது, எந்தப் பிள்ளை காலை மாற்றச் சொன்னால் ஆட்டத்தை விட்டு விலகுகிறது என்று பார்த்திருக்கும் ஆசிரியருக்கு, எவரை முதலில் அளக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பார்ப்பது அளவாகாது என்பதும் உண்மையே. கோடும் கடிகாரமும் சேர்ந்தால்தான் இம்மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிட இயலும்.

புதிய காயத்தின்மேல் இச்சோதனைகளில் எதையும் செய்யலாகாது என்பதையும் இடையே சொல்லிவைக்க வேண்டும். கால் மடங்கிய பிள்ளையால் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலும், கணுவின் இருபுறத்து எலும்பு முகடுகளின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதி இது. நீவி விடுபவரிடம் அழைத்துச் செல்வது இதற்கு மாற்றாகாது. எலும்பு வெடித்திருக்கும் காலை நீவுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

ஒரு சிறு பள்ளியில் என்ன செய்யலாம்? தரையில் மூன்று கோடு இழுக்கச் சுண்ணக்கட்டி, தையற்காரர் அளவு நாடா ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று போதும். வெறுங்காலோடுதான் அளக்க வேண்டும். ஒருநாள் காலணியோடும் மறுநாள் இல்லாமலும் அளந்தால் ஒப்பீடு கெடும். ஒவ்வொரு திசையிலும் நான்கு முறை பழகவிட்டுப் பிறகு மூன்று முறை அளக்க வேண்டும். முழங்கால்–சுவர் அளவைத் தனியே எழுத வேண்டும். அமெரிக்காவின் 94ஐ மறந்துவிட்டு, அதே வகுப்புப் பிள்ளைகளின் அளவுகளோடும், அதே பிள்ளையின் சென்ற தவணை அளவோடும் ஒப்பிட வேண்டும். பக்கவாட்டுத் தாண்டலை வலியில்லாத பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முப்பது நாற்பது பிள்ளைகளே உள்ள தோட்டப் பள்ளியில் இரண்டு உடற்கல்விப் பாடவேளைகளில் இது முடிந்துவிடும். மாணவர் குறைவு என்று வருந்தும் நமக்கு, ஒவ்வொரு காலையும் பார்க்க நேரமிருப்பது அக்குறைவு தந்த ஒரே நன்மை போலும்.

எண்களைவிட இன்றியமையாதது ஒன்று நம்மிடம் இல்லை. குழுமத்தின் வரையறை 12 மாதத்தையும் 6 மாதத்தையும் கேட்கிறது. உயரமும் எடையும் ஆண்டுதோறும் பதியப்படுகின்றன. கால் மடங்கிய நாள் எங்கும் பதியப்படுவதில்லை. அப்பதிவுத்தாளின் ஓரத்தில் மூன்று கட்டம் கூடுதலாகக் கிழித்துக்கொண்டால் போதும்: எந்தக் கால், எந்த நாள், அதன்பின் எத்தனை முறை. நான்காம் ஆண்டில் காலை மடக்கிய மாணவன் ஆறாம் ஆண்டில் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்து நிற்கும்போது, விடையை அவன் நினைவில் தேட வேண்டியிராது.